பாகூர் ஏரிக்கு ஒரு டிரிப்... பாதி வழியில் ஒரு 'புஸ்ஸ்ஸ்!'

'ஒரு நாள் டூர்னா எங்க போவீங்க?' பாண்டிச்சேரி காலேஜ் பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க. பீச், ஆரோவில், சுண்ணாம்பாறு படகுத்துறை... அதைத் தாண்டி நாலாவது பேர் வராது.

எங்க செட்டும் அப்படித்தான். மொத்தம் நாலு பேர். அதில் ஒருத்தி பறவைப் பைத்தியம். 'குளிர்காலம் முடியப் போகுது, வெளிநாட்டுப் பறவையெல்லாம் கிளம்பிடும், அதுக்குள்ள பாகூர் ஏரியைப் பாத்துடணும்'னு ஒரு மாசமா நச்சரிப்பு. பாண்டி பக்கம் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி அதுதான். 'பஸ்ல போலாம்'னு ஒருத்தன் சொன்னான். 'எங்க அப்பா கார் இருக்கே'ன்னு இன்னொருத்தன் சொன்னான். இனிமே அவன் பேர் கார்க்காரன். அவ்வளவுதான், பஸ் ஐடியா அங்கேயே காலி!

அப்பா சின்ன அளவில் கேட்டரிங் பண்றவர். வாரம் முழுக்க சாப்பாட்டுப் பாத்திரம் ஏத்திக்கிட்டு ஓடற பழைய பெட்ரோல் கார் அது. ஞாயிறு ஒரு நாள்தான் அதுக்கு லீவு. அந்த லீவைத்தான் நாங்க கடன் வாங்கினோம்.

முள்ளு ஏறுது மச்சான்!

பிப்ரவரி மாச ஞாயிறு. முதலியார்பேட்டை தாண்டி முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம்னு ஊர்ந்து போற டிராபிக். ஏசி ஃபுல்லா ஓடுது. பாட்டு அதைவிட ஃபுல்லா ஓடுது. தவளக்குப்பம் தாண்டினதும் ரோடு கொஞ்சம் விட்டுக் கொடுத்தது. கிருமாம்பாக்கம் வந்தப்போ ஒரு லேசான இனிப்பு வாசனை. 'யாருடா பர்ஃப்யூம் போட்டது?'ன்னு சிரிச்சோம். அது பர்ஃப்யூம் இல்லை, கூலன்ட் ஒழுகி சூடான இன்ஜின் மேல் பட்டா வர்ற வாசனைன்னு அப்போ யாருக்கும் தெரியாது.

கன்னியக்கோவிலில் கடலூர் ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பினால் பாகூர் ரோடு. சும்மா சொல்லக்கூடாது, திரும்பின உடனே உலகமே மாறிடும். ரெண்டு பக்கமும் வயல். அறுவடை முடிஞ்ச இடத்தில் வைக்கோல், முடியாத இடத்தில் தங்க நிறத்தில் கதிர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம்னு பாகூரைச் சொல்றது சும்மா இல்லை.

அங்கேதான் கார்க்காரன் மெதுவா சொன்னான்: "மச்சான், டெம்பரேச்சர் முள்ளு ஏறுது."

'ஹெச்' எழுத்தைத் தொட்டுக்கிட்டு நின்னது முள்ளு. "நிறுத்தலாமா?"ன்னு கேட்டான். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்டா, ஏரிக்கரையில் போய் நிழல்ல நிறுத்தி ஆற வைப்போம்." இந்த மகா ஐடியா யாரோடது? இதை எழுதிக்கிட்டு இருக்கற என்னோடதுதான்.

அவன் ஓட்டினான். அரை கிலோமீட்டரில் ஒரு அதிசயம். முள்ளு தானா கீழே இறங்கிடுச்சு! "பாத்தியா, சொன்னேன்ல!"ன்னு நான் கை தட்டினேன். கை தட்டி முடிக்கறதுக்குள்ள இன்ஜினில் 'கடகட'ன்னு ஒரு சத்தம். பானெட் ஓரத்தில் 'புஸ்ஸ்ஸ்'னு வெள்ளைப் புகை. கார் நின்னுடுச்சு. சாவியைத் திருகினா உயிரே இல்லை.

மூடியில கை வைக்காதீங்க!

கார்க்காரன் பானெட்டைத் திறந்தான். வாட்டர் பாட்டிலோட நான் தயார். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போன நேரத்தில், பின்னாடி ஒரு குரல்: "தம்பீ! கையை எடு!"

டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்த ஒரு அண்ணன். வயல் வேலைக்குப் போறவர்னு நினைச்சோம். பாகூரில் மெக்கானிக் ஷெட் வச்சிருக்காராம். "அதை இப்பத் திறந்தா மூஞ்சி வெந்துடும்பா. முக்கால் மணி நேரம் போகட்டும்."

ஏன்னு அப்புறம் புரிஞ்சது. சாதாரணமா தண்ணி 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடிச்சு வைக்குது. கூலன்ட்டும் அழுத்தமும் சேர்ந்தா 120 டிகிரி தாண்டினாலும் உள்ளே கொதிக்காது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போயிடும். மொத்தமும் ஒரே அடியா கொதிச்சு நம்ம முகத்துக்குத்தான் வரும்.

"முள்ளு இறங்குச்சேண்ணா, சரியாயிடுச்சுன்னு நினைச்சோம்"னு இழுத்தேன். அண்ணன் சிரிக்கலை. "தண்ணியில முங்கி இருந்தாத்தான் தம்பி அந்த சென்சார் சூட்டைச் சொல்லும். உள்ள தண்ணியே இல்லாம போனா அது எதைச் சொல்லும்? முள்ளு இறங்கினது நல்லதுக்கு இல்ல, அதுக்கு அப்புறம் ஓட்டினதுதான் இன்ஜினை எடுத்துடுச்சு."

நாலு பேரும் வாயை மூடிக்கிட்டோம். வயலில் நின்ன ஒரு டிராக்டர் கயிறு கட்டி காரை ஷெட்டுக்கு இழுத்துட்டுப் போச்சு. பறவை பார்க்க வந்த கூட்டம் பின்னாடியே பாதயாத்திரை!

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின காலேஜ்

"இன்ஜினைப் பிரிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். வந்தது வந்துட்டீங்க, ஊரைச் சுத்திட்டு வாங்க"ன்னு அனுப்பி வச்சார் அண்ணன். மனசே இல்லாமல்தான் கிளம்பினோம். ஆனால் பாகூர் சும்மா விடற ஊர் இல்லை.

முதலில் மூலநாதர் கோயில். சோழர் காலக் கற்றளி. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கு. சுவரில் எங்கே பார்த்தாலும் கல்வெட்டு. அதைவிட ஆச்சரியம், இந்த ஊரில் கிடைச்ச பாகூர் செப்பேடு. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தது. இங்கே இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் கல்லூரிக்கு, மூணு ஊர்களைத் தானமா கொடுத்ததை அது சொல்லுது. யோசிச்சுப் பாருங்க பாஸ்! இன்னைக்கு கிருமாம்பாக்கம் பக்கம் காலேஜ் பஸ் வரிசையா நிக்குது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே பாகூர் ஒரு காலேஜ் டவுன்!

1752 செப்டம்பரில் இதே வயல்வெளியில் பிரெஞ்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் மோதினாங்க. ஜெயிச்சது ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் தலைமையில் வந்த இங்கிலீஷ் படை. சண்டைக்கு அடையாளமா எங்க கண்ணில் எதுவும் படலை. நெல்லுதான் இருக்கு.

அப்புறம் ஏரிக்கரை. பறவைப் பைத்தியத்துக்கு அங்கேதான் முகம் மலர்ந்தது. தண்ணி கண்ணுக்கு எட்டின வரைக்கும். நாரைக் கூட்டம், நீர்க்காகம், நடுத் தண்ணியில் வாத்து மாதிரி புள்ளிப் புள்ளியா என்னென்னவோ. அவ பேர் சொல்லிக்கிட்டே போனா. எங்க காதில் 'கடகட' சத்தம் மட்டும்தான் ஓடிக்கிட்டு இருந்தது.

கரையில் மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்த ஒரு ஐயாகிட்ட, "இவ்ளோ தண்ணி எங்கேர்ந்துங்கய்யா வருது?"ன்னு கேட்டோம். "பங்காரு வாய்க்கா வழியா வருது. தென்பெண்ணையில சொர்ணாவூர் அணைக்கட்டுலேர்ந்து திருப்பி வுடறாங்க." சிங்காரி, பங்காரின்னு ரெண்டு நாட்டியப் பெண்கள் இருந்தாங்களாம். அந்தப் பங்காரி பேரில் வந்ததுதான் வாய்க்கால்னு ஊரில் கதை இருக்கு. "கதை இருக்கட்டும். வாய்க்காலைத் தூர் வாரலைன்னா கடைமடைக்குத் தண்ணி வராது. வந்தாத்தான் ஏரி, ஏரி இருந்தாத்தான் பாகூரு"ன்னு முடிச்சுட்டு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டார்.

சோழர் காலத்தில் ஊர்ச் சபையிலேயே இதுக்குத் தனிக் குழு வச்சிருந்தாங்க. உத்திரமேரூர் கல்வெட்டில் 'ஏரி வாரியம்'னே பேர் வருது. நம்ம காலத்திலும் 1999இல் ஐரோப்பிய யூனியன் நிதி உதவியோட புதுச்சேரியில் ஏரிகள் புனரமைப்புத் திட்டம் வந்து, 84 ஏரிகளைச் சீரமைக்கற வேலை நடந்தது. தூர் வாரறது போர் அடிக்கற வேலைதான். ஆனால் அதைச் செய்யாமல் விட்டா என்ன ஆகும்னு ஷெட்டுக்குத் திரும்பினப்போ நேரிலேயே பார்த்தோம்.

ரேடியேட்டருக்குள்ள சுண்ணாம்பு!

அண்ணன் ரேடியேட்டரைக் கழட்டி வெளியே வச்சிருந்தார். மேலே இருக்கற பிளாஸ்டிக் டேங்கில் தலைமுடி மாதிரி நீளமா ஒரு விரிசல். டேங்கைப் பிரிச்சுக் காட்டினார். உள்ளே மெல்லிசான குழாய் வரிசை. பாதிக் குழாயின் வாயில் வெள்ளையா, துரு கலந்து, கல்லு மாதிரி அடைப்பு.

"இதுக்கு எந்தத் தண்ணி ஊத்தறீங்க?"

கார்க்காரன் தலையைச் சொறிஞ்சான். "வீட்டு போர் தண்ணிதாண்ணா."

"பங்காரு வாய்க்காலைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க? இதுவும் அதே கதைதான். இன்ஜினுக்கு இதான் வாய்க்கா. தூர்ந்து போனா கடைமடை காயும்."

விஷயம் இவ்வளவுதான். பெட்ரோல் எரியறதால் வர்ற சக்தியில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுது. இன்னொரு பங்கு புகையோட போயிடுது. மிச்சம் இருக்கற பெரிய பங்கு சூட்டை இன்ஜினைச் சுத்தி ஓடற தண்ணிதான் வாங்கிட்டு வந்து ரேடியேட்டரில் காத்துக்குக் கொடுக்கணும். போர் தண்ணியில் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் அதிகம், கடல் பக்கம் கேக்கவே வேணாம். வீட்டில் வெந்நீர் போடற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாப் படியுது பாருங்க, அதேதான் ரேடியேட்டருக்குள்ளயும். படிவு சேர்ந்தா சூடு வெளியே போகாது. உப்பு அலுமினியத்தை அரிக்கும். கூலன்ட்டில் துரு பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கு. போர் தண்ணியில் அது இல்லை.

அப்புறம் நடக்கறது வரிசையா விழற சீட்டுக்கட்டு. ரேடியேட்டர் ஒழுகும். தண்ணி குறையும். சூடு ஏறும். அலுமினிய ஹெட் வளையும். ஹெட் கேஸ்கட் போகும். ஆயிலில் தண்ணி கலந்து பால் ஊத்தின காபி மாதிரி ஆகும். அதுக்கு மேலயும் ஓட்டினா பிஸ்டன் பிடிச்சு இன்ஜினே ஜாம்! எங்க கார் கடைசிப் படிக்கு ஒரு படி முன்னாடி நின்னுருந்தது. "இன்னும் அரை கிலோமீட்டர் ஓட்டியிருந்தா வேற இன்ஜின்தான்"னார் அண்ணன்.

"இதைப் பத்த வைக்க முடியாதாண்ணா?"ன்னு கேட்டேன். "அந்தக் காலத்து அம்பாசிடர்னா பித்தளை, செம்பு. ஈயம் வச்சு பத்த வச்சு, குழாய்ல கம்பி வுட்டு அடைப்பு எடுத்து மறுபடி மாட்டிடுவோம். இப்ப எல்லாம் அலுமினியம், பிளாஸ்டிக். எடையும் விலையும் கம்மி. விரிசல் வுட்டா மாத்தறதுதான்."

1900ஆம் வருஷக் கடைசியில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைச்ச மெர்சிடஸ் காரில், தேன்கூடு மாதிரி 8,070 குட்டிக் குழாய் வச்ச ரேடியேட்டர் வந்தது. கார் வேகமாப் போகறதுக்கு வழி விட்டதே அதுதான். அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் காரின் மூக்கு அதுதான். மூக்கில் சளி பிடிச்சா மூச்சு விட முடியுமா?

நம்ம மாதிரி ஏமாளிங்களுக்குத்தான் இப்படின்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் 2005லேருந்து 2010 வரைக்கும் வந்த நிஸான் பாத்ஃபைண்டர், ஃபிரான்டியர், எக்ஸ்டெரா வண்டிகளில், கியர் ஆயிலை ஆற வைக்கற குழாயும் ரேடியேட்டருக்குள்ளேயே இருந்தது. அது உள்ளே விரிசல் விட்டு, கூலன்ட்டும் ஆயிலும் கலந்து ரோஸ் கலரில் பொங்குச்சு. அங்கே அதுக்கு வச்ச பேர் 'ஸ்ட்ராபெரி மில்க் ஷேக்'! வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது. கெட்டுப் போறது விலை உயர்ந்த கியர்பாக்ஸ். வண்டிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. கம்பெனி வாரண்டியை முதலில் 8 வருஷம் அல்லது 80,000 மைல்னு நீட்டிச்சது. வழக்கு சமரசத்துக்குப் பிறகு, செலவில் ஒரு பங்கை வண்டிக்காரர் ஏத்துக்கற நிபந்தனையோட, 10 வருஷம் அல்லது 1,00,000 மைல் ஆச்சு. ஒரு ரேடியேட்டர் ஓட்டை எவ்வளவு பெரிய பில்லைக் கூட்டிட்டு வரும்னு அதில் தெரியும்.

பில்லைப் பாத்தா தலை சுத்துது!

எங்க கதைக்கு கோர்ட் இல்லை, பில்லு மட்டும்தான். வேலை முடிய ஆறு நாள் ஆச்சு. வளைஞ்ச ஹெட்டைக் கடலூரில் ஒரு லேத்தில் கொடுத்துச் சமப்படுத்திட்டு வந்தார் அண்ணன். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்:

ரேடியேட்டர் - 4,800
ஹெட் கேஸ்கட் செட் - 2,200
ஹெட் ஃபேஸிங் - 1,500
வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட் - 3,400
ஆயில், ஃபில்டர், கூலன்ட் - 2,900
டிராக்டர் - 500
கூலி - 6,500
மொத்தம் 21,800 ரூபாய்!

தாளின் அடியில் அவரே இன்னொரு வரியும் எழுதியிருந்தார். 'முள்ளு ஏறினப்பவே நிறுத்தியிருந்தா, ரேடியேட்டரும் சின்னக் கூலியும்.' அதாவது எட்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும். மிச்சம் எல்லாம் என்னோட 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்டா'வுக்கான விலை.

அது மட்டுமா? அந்த ஆறு நாளும் அப்பா ஆட்டோ வச்சு சாப்பாடு அனுப்பினார். ஒரு ஆர்டர் லேட்டாப் போய் அந்த பார்ட்டியே கை விட்டுப் போச்சு. இது எந்த பில்லிலும் வராது.

நாலு பேரும் பங்கு போட்டோம். தலைக்கு 5,450. ஒருத்தன் புது மொபைலுக்குச் சேர்த்து வச்சது போச்சு. பறவைப் பைத்தியம் பைனாகுலர் பணத்தைக் கொடுத்தா. எனக்கு ரெண்டு மாசம் டியூஷன் எடுத்த காசு. பணத்தை எடுத்துக்கிட்டு அப்பா முன்னாடி போய் நின்னோம். திட்டுவார்னு நினைச்சோம். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசலை.

"போர் தண்ணி ஊத்தினது நான்தான்பா. கூலன்ட் எதுக்குத் தண்டச் செலவுன்னு நாலு வருஷமா ஊத்திக்கிட்டு இருந்தேன். வண்டி உங்க கையில நின்னது, அவ்ளோதான்." அப்புறம் மகனைப் பார்த்து, "ஆனா முள்ளு ஏறினப்போ எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

பாதிப் பணத்தைத்தான் வாங்கிக்கிட்டார்.

கவனிங்க பாஸ்!

அண்ணன் சொல்லிக் கொடுத்ததை அப்படியே உங்களுக்குத் தர்றேன்.

* வாரம் ஒரு தரம், இன்ஜின் ஆறி இருக்கும்போது, ரிசர்வ் டேங்கில் கூலன்ட் 'மின்' கோட்டுக்கும் 'மேக்ஸ்' கோட்டுக்கும் நடுவில் இருக்கான்னு பாருங்க. அடிக்கடி குறைஞ்சா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

* முள்ளு ஏறினாலோ சிவப்பு விளக்கு எரிஞ்சாலோ ஏசியை நிறுத்துங்க. ஓரமா ஒதுங்கி இன்ஜினையும் நிறுத்துங்க. ஒதுங்க இடம் கிடைக்கற வரைக்கும் ஹீட்டரை ஃபுல்லா வைங்க. உங்களுக்கு வேர்க்கும், ஆனால் இன்ஜினின் சூடு கொஞ்சம் வெளியே வரும்.

* ஏறின முள்ளு திடீர்னு இறங்கினா சந்தோஷப்படாதீங்க. உடனே நிறுத்துங்க.

* சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. கொதிக்கற இன்ஜினில் ஜில் தண்ணியும் ஊத்தாதீங்க, விரிசல் விடும்.

* பச்சை, சிவப்புன்னு கலரைப் பார்த்து கூலன்ட்டைக் கலக்காதீங்க. வண்டியோட புக்கில் எந்த வகைன்னு போட்டிருக்கோ அதுதான். தண்ணி கலக்கற வகைன்னா பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்கணும்.

* 'என்கிட்ட கார் இல்லை, பைக்குதான்'னு தப்பிக்க முடியாது. 2008இல் யமஹா ஆர்15 வந்ததிலேருந்து நம்ம காலேஜ் பார்க்கிங்கில் நிக்கற எத்தனையோ பைக்கில் ரேடியேட்டர் இருக்கு. முன் சக்கரத்துக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க. சேறு அடைச்சிருந்தா மெதுவாத் தண்ணி விட்டுக் கழுவுங்க.

மறுபடியும் பாகூர்

மார்ச்சில் மறுபடியும் போனோம். இந்த முறை ஓட்டினது அப்பா. "அண்ணனைப் பார்த்து நன்றி சொல்லணும்"னு அவரே கிளம்பிட்டார். செட்டில் ஒருத்தனுக்கு எக்ஸாம், வரலை. ஏரியில் தண்ணி குறைஞ்சிருந்தது, பறவையும் குறைஞ்சிருந்தது. இருந்தாலும் எனக்கு இந்த முறைதான் ஏரி கண்ணில் தெரிஞ்சது. நாரை ஒவ்வொண்ணும் எப்படி ஒத்தக்காலில் அசையாமல் நிக்குதுன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

பங்காரு வாய்க்காலைப் பார்க்கப் போகணும்னு அப்பா சொன்னார். போனோம். கரையில் நின்னு ரொம்ப நேரம் தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தார். என்ன நினைச்சாரோ, கேட்கலை.

கன்னியக்கோவில் திருப்பம், ரெண்டு பக்கமும் வயல், சூப்பர் காத்து... எல்லாம் அதே மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம். ஓட்டின அப்பாவைத் தவிர ஒருத்தரும் ரோட்டைப் பார்க்கலை. எல்லார் கண்ணும் அந்த முள்ளு மேலதான்!